வினிகர், வேப்பிலை, சாணம்: கிருமி சாகிறதா, இடம் மாறுகிறதா?

மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வீட்டுச் சுத்தம் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து சமையல் மேடையைத் துடைக்கிறேன். கிருமி சாகிறதா, வெறும் மனத்திருப்திதானா? – இல்லத்தரசி, திருப்பூர்

சில சாகும், பல பிழைக்கும். கடை வினிகரில் அசெட்டிக் அமிலம் சுமார் 4 முதல் 5 சதவீதம். நீங்கள் அதையும் பாதியாக்கிவிடுகிறீர்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், வினிகர் சால்மோனெல்லா, சூடோமோனாஸ் என்ற இரு பாக்டீரியாக்களை நன்றாக ஒடுக்கியது. ஆனால் குடலில் வாழும் ஈ.கோலியும், சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸும் அதற்கு மசியவில்லை. சமையல் சோடா எதையுமே அசைக்கவில்லை.

அடுத்தது நேரம். எந்தக் கிருமிநாசினியானாலும் பரப்பு சில நிமிடங்கள் ஈரமாகவே நிற்க வேண்டும். தெளித்த கையோடு துடைத்தெடுத்தால் விலை உயர்ந்த மருந்துகூட வேலை செய்யாது.

‘99.9 சதவீதம்’ என்று டப்பாவில் போடுகிறார்களே, அதையும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லட்சம் ஈ.கோலியில் 99.9 சதவீதம் போனால் மிச்சம் ஆயிரம். ஈரமும் உணவுத் துணுக்கும் கதகதப்பும் இருந்தால் அது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மூன்றரை மணி நேரத்துக்குள் மறுபடி பத்து லட்சம். அதனால்தான் மேடையைக் காய வைப்பது கொல்வதற்குச் சமமான வேலை என்கிறேன். தினசரிக்கு சோப்புத் தண்ணீரில் துடைத்து உலரவிடுங்கள், போதும்.

எங்கள் மேடை கடப்பாக் கல். வினிகர் போடலாமா? – காரைக்குடி

வேண்டாம். கடப்பா சுண்ணாம்புக் கல் வகை. அமிலம் பட்டால் மெருகு போய் வெளிறும். எலுமிச்சைக்கும் இதே கதைதான். கிரானைட் தாங்கும்.

வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்தால் பொங்கும் நுரை கிருமியைக் கொல்லும் என்கிறார்களே?

பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. பொங்கி முடிந்ததும் மிஞ்சுவது சோடியம் அசெட்டேட் கலந்த தண்ணீர். அமிலமும் போயிற்று, காரமும் போயிற்று. தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டும் நல்ல பொருட்கள்: சோடா தேய்க்க உதவும், வினிகர் குழாயில் படியும் உப்புக் கறையை எடுக்கும்.

ஆரஞ்சுத் தோலில் பயோ என்சைம் தயாரித்து வீடு முழுக்க அதையே பயன்படுத்துகிறேன். பினாயிலுக்கு மாற்றாகுமா மேடம்? – மாடித் தோட்டக்காரர், கோவை

வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று, தண்ணீர் பத்து, மூன்று மாதம் ஊறல். இந்தக் கணக்குதானே? நொதித்து வருவது பெரும்பாலும் புளித்த அமிலத் தண்ணீர், வினிகரின் உறவுக்காரன். பிசுக்கை எடுக்கும், வாசனையும் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு புட்டிக்கும் அடுத்த புட்டிக்கும் அமில அளவு மாறும் என்பதால், கிருமிநாசினி என்று நம்பி நோயாளி இருக்கும் அறையில் பயன்படுத்தாதீர்கள். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விடுங்கள். கண்ணாடிப் புட்டி வேண்டவே வேண்டாம், வெடிக்கும்.

வேப்பிலைக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி உண்டு என்று ஆய்வுகள் இருக்கின்றனவே. நீங்கள் மறுக்கிறீர்களா? – சித்த மருத்துவ மாணவர், பாளையங்கோட்டை

மறுக்கவில்லை, தம்பி. அந்த ஆய்வு நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். கிருமி வளர்க்கும் ஊட்டக்கூழ் ஊற்றிய அகார் தட்டில் கிருமியைப் பரப்பி, சாற்றில் தோய்த்த காகித வில்லையை மேலே வைப்போம். மறுநாள் தட்டு முழுக்க வெண்படலம் முளைத்திருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம் தெரியும். அந்த வட்டம் கிருமி அங்கே வளரவில்லை என்று காட்டுகிறது. செத்ததா, காத்திருக்கிறதா என்று காட்டாது. மேலும், அங்கே பயன்படுவது பெரும்பாலும் ஆல்கஹாலில் இறக்கிச் செறிவாக்கிய சாறு. வாளித் தண்ணீரில் ஒரு பிடி இலையைப் போடுவது வேறு சங்கதி. மஞ்சளுக்கும் இதையே சொல்வேன். அதன் முக்கியச் சத்தான குர்குமின் தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம்.

சாணம் தெளிப்பது கிருமிநாசினி என்று என் மாமியார் சொல்கிறார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. – மன்னார்குடி

சாணம் மண் வாசலில் புழுதியை அடக்கும். அதற்குமேல் அதில் எதுவும் இல்லை. அது மாட்டின் குடலிலிருந்து வந்தது, ஈ.கோலியும், டெட்டனஸ் கிருமியின் வித்துகளும் அதில் இருக்கக்கூடும். வாசலோடு நிற்கட்டும். தொப்புள்கொடி அறுத்த இடத்தில் சாணமோ சாம்பலோ வைக்கும் வழக்கம் எங்கேனும் மிச்சமிருந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். பிறந்த குழந்தைகளை டெட்டனஸ் கொண்டுபோன வழிகளில் அதுவும் ஒன்று. மாமியாரிடம் பதமாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

பூந்திக்கொட்டைத் தண்ணீர்?

நல்லது. அதிலுள்ள சபோனின் சோப்பு போலவே எண்ணெயையும் அழுக்கையும் பிடித்திழுத்து நீரோடு அனுப்பும். கிருமியை அகற்றுவதே பாதி வெற்றி. அதைக் கிருமிநாசினி என்று மட்டும் எழுதி விற்காதீர்கள்.

வீட்டில் ஒருவருக்கு வாந்தி பேதி. தரையை எப்படிச் சுத்தம் செய்வது? – ஆட்டோ ஓட்டுநர், வேலூர்

இங்கே இயற்கையை எல்லாம் ஓரம் வையுங்கள். வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ, ரோட்டா வைரஸ்களுக்குக் கொழுப்பு உறை இல்லை. அதனால் அந்த உறையைக் கலைத்து வேலை செய்யும் சானிடைசருக்கும் எளிதில் அடங்காது. குளோரின்தான் வழி. கையுறை போட்டு, அசுத்தத்தைப் பழைய தாளால் அள்ளிக் கட்டிப் போடுங்கள். சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள், ஏனென்றால் அழுக்கு குளோரினைத் தின்றுவிடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி ப்ளீச்சிங் பவுடர் கரைத்து, மேலே தெளியும் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். கரைசலை அன்றன்று கரையுங்கள். பாக்கெட் திறந்தே கிடந்த பவுடருக்கு வீரியம் போயிருக்கும்.

ஒன்றை மட்டும் மனதில் ஆணியடித்துக்கொள்ளுங்கள். கழிவறை ஆசிட்டோடோ வினிகரோடோ ப்ளீச்சிங் பவுடரைச் சேர்க்கக் கூடாது. கிளம்புவது குளோரின் வாயு. ‘இரண்டும் சேர்ந்தால் இரட்டை சுத்தம்’ என்று மூடிய குளியலறையில் கலந்தால் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

எல்லாம் சரி. துடைக்கும் துணியை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? – தஞ்சாவூர்

இதை யாருமே கேட்கவில்லையே என்று பார்த்தேன். வீட்டிலேயே கிருமி அதிகம் குடியிருக்கும் பொருட்களில் ஒன்று அந்த ஈரத்துணி. அதைக் கொண்டு மேடையைத் துடைத்தால் கிருமியை ஊர்வலம் அழைத்துப் போவதுதான். பச்சைக் கறி வெட்டிய இடத்துக்குத் தனித்துணி வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் துணிகளைச் சோப்புப் போட்டுக் கசக்கி, ஒரு பழைய சட்டியில் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு, வெயிலில் விரித்துப் போடுகிறேன். கொதிநீரும் வெயிலும் இயற்கைதான், காசும் இல்லை. மழை நாளில் விசிறிக்கு அடியில். ஊசல் வாடை வந்த துணியை மறுபடி அலசிப் பார்க்காமல் தூக்கி எறிந்துவிடுகிறேன்.