தேவாங்கு எந்தப் பக்கம்?

அன்புள்ள அக்கா,
உகந்தமலைக் கோயிலடியில் குரங்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள், "அம்மா, இந்தக் குரங்குக்குத் தேவாங்கை விட நாமதான் கிட்டின சொந்தம்" என்றாள். தேவாங்கும் குரங்கும் மரத்தில் வாழ்பவை. இடையில் நாம் எப்படிப் புகுந்தோம்? நம்மைப்போலத் தேவாங்குக்கும் வால் இல்லையே, அது கணக்கில் வராதா?
— ஒரு வாசகி, திருக்கோவில்

அன்புள்ள தங்கச்சி,

மகள் சொன்னது முழுக்கச் சரி. சொந்தம் பார்க்கும்போது விலங்கியலாளர்கள் கேட்பது, எந்த இரண்டுக்கும் பொது மூதாதை கிட்டத்தில் இருக்கிறது என்றுதான். குரங்கின் கிளையும் நம் கிளையும் பிரிந்து 2.5 முதல் 3 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தேவாங்கின் கிளையோ 6 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே, மடகாஸ்கர் தீவில் வாழும் லெமூர் என்ற பிராணிகளின் கிளையோடு சேர்ந்து தனியே போய்விட்டது.

இரவில் ஒரு தேவாங்கைக் கண்டால் நின்று பாருங்கள். (வெள்ளை வெளிச்சத்தைத் தயவுசெய்து அதன் கண்ணில் அடிக்காதீர்கள், டோர்ச்சில் சிவப்புத் தாள் கட்டினால் போதும்.) மூக்கு நுனி நாயின் மூக்கைப்போல ஈரமாக இருக்கும். காலின் இரண்டாம் விரலில் மட்டும் கூர்நகம், மற்ற விரல்களில் தட்டை நகம். கீழ் முன்பற்கள் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். அவற்றால்தான் மயிரைக் கோதும். கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் உண்டு. தட்டை நகத்தைத் தவிர குரங்கிடம் இவற்றில் ஒன்றும் கிடையாது, நம்மிடமும் கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று விற்றமின் சி. தேவாங்கு வகையினரின் உடல் அதைத் தானே செய்துகொள்ளும். நமக்கும் குரங்குக்கும் அதற்கான மரபணு பழுதாகிக் கிடக்கிறது. தென்கிழக்காசியத் தீவுகளில் டார்சியர் என்றொரு சின்னப் பிராணி இருக்கிறது. பெரிய கண், இரவு நடமாட்டம். பார்த்தால் தேவாங்கோடு சேர்க்கத்தான் தோன்றும். நெடுங்காலம் அப்படித்தான் சேர்த்தும் வைத்திருந்தார்கள். ஆனால் அதன் மூக்கு உலர்ந்தது, கண்ணில் அந்தப் படலம் இல்லை, விற்றமின் சியும் அதன் உடலில் உண்டாவதில்லை. மரபணு ஆய்வும் அதையே காட்ட, இன்று அது நம் பக்கம் சேர்ந்துவிட்டது.

அப்புறம் வால். தேவாங்கின் கிளையிலும் நாமும் சேர்ந்த மனிதக் குரங்குகளின் கிளையிலும் அது தனித்தனியே மறைந்தது, அதனால் சாட்சிக்கு உதவாது. கோயிலடிக் குரங்கும் மந்தியும் (லங்கூர்) ஒரே குடும்பம்: குரங்கு கன்னப்பையில் தீனியை அடக்கும், மந்திக்கு இலையைச் செரிக்கப் பல அறை கொண்ட இரைப்பை.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். சிம்பன்சிக்குக் கொரில்லாவை விட நாம்தான் கிட்டிய சொந்தம். கிளை பிரிந்த வரிசையைக் கீறிப் பார்த்தால் அதுவும் அவளுக்குப் புரிந்துவிடும்.