கான்ஜுரிங் பார்த்துப் பயப்படாத எனக்கு ஜப்பானியப் பேய்ப் படம் பார்த்தால் மட்டும் தூக்கம் வராதது ஏன்?

நீங்கள் வெளியூரில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கான்ஜுரிங்கை நண்பர்களோடு தியேட்டரில், விசில் சத்தத்துக்கு நடுவே பார்த்திருப்பீர்கள். ரிங்குவையும் ஜூ-ஆனையும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் பார்த்திருப்பீர்கள். பயத்தில் பாதி அதனாலேயே வந்திருக்கும். மீதிப் பாதியைப் பற்றித்தான் எழுத வந்தேன். டோக்கியோவில் நாலு வருடம் வேலை பார்த்தேன். அதில் ஒன்றரை வருடம், ஒருவர் இறந்து இரண்டு வாரம் யாருக்கும் தெரியாமல் கிடந்த வீட்டில் குடியிருந்தேன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போக முடியவில்லை.

முதலில் படங்கள். அமெரிக்கப் படமான எக்ஸார்சிஸ்ட்டில் (1973) அந்தச் சிறுமி ரீகன் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. வெளியிலிருந்து ஒன்று வந்து அவளுக்குள் புகுந்துகொள்கிறது. அதற்கு இவள்மேல் என்ன கோபம் என்று கேட்க இடமே இல்லை. அது பிசாசு, அதன் வேலை அது. கான்ஜுரிங்கிலும் (2013) ஏறக்குறைய அப்படித்தான். பெரோன் குடும்பம் புது வீட்டுக்கு வருகிறது, அங்கே ஏற்கெனவே ஒரு சூனியக்காரியின் ஆவி, பேய் விஷயங்களை ஆராயும் வாரன் தம்பதி வந்து விரட்டுகிறார்கள். வீட்டுக்குள் திருடன் புகுந்த மாதிரி. துரத்திவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம்.

ஜப்பானில் பேய் என்பது பெயரும் ஊரும் உள்ள ஓர் ஆள். அந்த ஆளுக்கு ஒரு அநியாயம் நடந்திருக்கும், அதை யாரும் தட்டிக் கேட்டிருக்க மாட்டார்கள். இது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. 1825-இல் கபுகி மேடை ஏறிய யோட்சுயா கதையில், புருஷனை நம்பிய ஓயிவா என்ற பெண்ணுக்கு விஷம் கொடுத்து முகத்தைச் சிதைத்துவிடுகிறார்கள். அவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலை வாரும்போது கொத்துக் கொத்தாக முடி கையோடு வரும். இன்றைக்கும் அந்தக் கதையை நடிக்கப்போகிறவர்கள் முதலில் ஓயிவாவைப் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். இன்னும் பின்னால் போனால் சுகவாரா நோ மிச்சிசானே. அரண்மனைச் சூழ்ச்சியால் தூரதேசத்துக்கு அனுப்பப்பட்டு 903-இல் அங்கேயே இறந்துபோன அறிஞர். அதற்குப் பிறகு வந்த வறட்சியும் கொள்ளைநோயும் 930-இல் அரண்மனைமேல் விழுந்த இடியும் அவர் கோபத்தால்தான் என்று பயந்து, பறித்த பதவியைத் திருப்பிக் கொடுத்து, கியோட்டோவில் கோயில் கட்டினார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் இன்று அவரைத்தான் வேண்டிக்கொள்கிறார்கள். விரட்டவில்லை, மன்னிப்புக் கேட்டார்கள். அநியாயமாகச் செத்தவர்களுக்கு நடுகல் வைத்துப் படையல் போட்டு சாமியாக்கிய ஊர்க்காரர்கள் நாம். நமக்கு இது புரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. உங்கள் தூக்கம் கெட்டதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

ரிங்குவையும் (1998, ஹிடேயோ நகாட்டா) அதன் அமெரிக்க மறுஆக்கம் தி ரிங்கையும் (2002) அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டிலும் சபிக்கப்பட்ட வீடியோ, பார்த்தவருக்கு ஏழு நாளில் சாவு, பேயாகிவிட்ட பெண்ணின் உடல் கிடக்கும் கிணறு. ஆனால் ஜப்பானியப் படத்தில் கோபம், கிணற்றுப் பேயான சடாகோவின் அம்மாவிடமிருந்து தொடங்குகிறது. அபூர்வ சக்தி உள்ள அந்தப் பெண்ணை மேடையேற்றிச் சோதிக்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் ஏமாற்றுக்காரி என்று கத்துகிறார்கள். கடைசியில் அவள் எரிமலையில் குதித்துவிடுகிறாள். இதற்கு நிஜத்திலேயே ஒரு முன்கதை உண்டு: மிஃபுனே சிசுகோ என்ற பெண்ணை 1910-இல் டோக்கியோவில் இப்படிச் சோதித்தார்கள். மோசடி என்று பேச்சு கிளம்பியது. 1911-இல் விஷம் குடித்து இறந்தார், வயது 24. அமெரிக்கப் படத்தில் அந்தக் கூட்டமும் இல்லை, அவமானமும் இல்லை. அங்கே சடாகோவின் இடத்தில் வரும் சமாரா பிறவியிலேயே கெட்டவள். "அவளுக்கு நீ உதவியிருக்கக் கூடாது" என்ற பொருளில் கதாநாயகியின் மகனே சொல்கிறான். ஊர் செய்த தப்பை ஒரு குழந்தையின் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

"கிணற்றிலிருந்து எலும்பை எடுத்த பிறகும் சடாகோ விடவில்லையே" என்று யாராவது கேட்பார்கள். சரிதான், விடவில்லை. அந்த எலும்புக்கூட்டைக் கதாநாயகி மார்போடு அணைத்துக்கொண்டும்கூட விடவில்லை. அந்தக் கணக்கு காலம் கடந்துபோனது. இனி யார் வந்தாலும் தீராது. அங்கேதான் எனக்கு வயிறு கலங்கியது.

இனி என் கதை. 2022-இல் ஆபீஸ் இடம் மாறியது, வீடு தேடினேன். ஏழு வீடு பார்த்தேன். ஏஜென்ட் என் முன்னாலேயே போன் போடுவார், "கைகொகுஜின்" என்ற வார்த்தை வரும், வெளிநாட்டுக்காரன் என்று அர்த்தம், அடுத்த நிமிடம் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்பார். சம்பளச் சீட்டு இருந்தது, ஜப்பானிய மொழிப் பரீட்சை பாஸ் பண்ணிய சான்றிதழ் இருந்தது, கம்பெனியே ஜாமீன் நின்றது. முகத்தைக்கூடப் பார்க்காமல் வேண்டாம் என்றார்கள். எல்லா ஜப்பானியரையும் சொல்லவில்லை. என்னோடு வேலை பார்த்தவர்கள் தங்கமானவர்கள். ஆனால் அந்த ஏழு போனையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவனுக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரியும். இது நம் ஊரிலும் நடக்கிறது. சாதி கேட்டு, கறி சாப்பிடுவாயா என்று கேட்டு, தனி ஆளா என்று கேட்டு வீடு இல்லை என்பவர்கள் செய்வதும் இதேதான்.

எட்டாவது வீட்டின் விளம்பரத் தாளில் ஓரமாக, "அறிவிக்க வேண்டிய விஷயம் உண்டு" என்று ஒரு வரி. மரணம் மாதிரி ஏதாவது நடந்த இப்படிப்பட்ட வீட்டுக்கு ஜிகோ புக்கென் என்று பெயர். இயற்கை மரணத்தைப் பொதுவாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உடல் நாள்பட்டுக் கிடந்து தனியாகச் சுத்தம் செய்ய வேண்டி வந்திருந்தால், வாடகை வீட்டில் சுமார் மூன்று வருடத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்று 2021-இல் அரசாங்கமே வழிகாட்டு விதி போட்டிருக்கிறது. அக்கம்பக்கத்தில் 72,000 யென், இது 48,000. தனியாக இருந்த ஒரு பாட்டி இறந்து இரண்டு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்று ஏஜென்ட் தாளைப் படித்துக் காட்டி முத்திரை வாங்கிக்கொண்டார். என்னை வேண்டாம் என்று சொல்லாத ஒரே வீடு அதுதான்.

தரை, சுவர்த்தாள் எல்லாம் புதுசு. பாட்டி இருந்ததற்கு ஒரு அடையாளமும் கிடையாது என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் சிங்குக்கு அடியில் உள்ள கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டபோது, கதவின் உள்பக்கம் விரலளவு காகித டேப் ஒட்டியிருந்தது. எரியும் குப்பை செவ்வாய், வெள்ளி. பாட்டில், டப்பா வியாழன். பென்சில் எழுத்து, கை நடுக்கத்தில் ஒவ்வொரு கோடும் அலை அலையாக. வெள்ளிக்கு அடியில் மட்டும் இரண்டு கோடு. ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை மறந்துபோய்த் திண்டாடியிருப்பார் போல. அதைப் பிய்க்க எனக்கு மனசு வரவில்லை. ஒன்றரை வருடமும் அதைப் பார்த்துத்தான் நான் குப்பை போட்டேன்.

கீழ்வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஓபோன் சமயத்தில், முன்னோர் வீட்டுக்கு வந்து போகும் நாட்கள் அவை, வெள்ளரிக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் குச்சியால் கால் செருகி வாசலில் வைத்துக்கொண்டிருந்தார். சீக்கிரம் வர வெள்ளரிக்காய்க் குதிரை, மெதுவாகத் திரும்பிப் போகக் கத்தரிக்காய் மாடு. இரண்டு ஜோடி இருந்தது. ஒன்று அவர் கணவருக்கு. இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன். "மேல்வீட்டுக்காரருக்கு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நாலைந்து நாளாக டிவி சத்தம் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். போய்த் தட்டினால் தொந்தரவாக இருக்குமோ என்று இருந்துவிட்டேன்" என்றார்.

அன்று ராத்திரி, காலேஜில் பார்த்து ரொம்ப மெதுவாகப் போகிறது என்று பாதியில் விட்ட டார்க் வாட்டரை (2002, அதே நகாட்டா) முழுசாகப் பார்த்தேன். விவாகரத்து வழக்கில் இருக்கும் அம்மா, சின்ன மகள், கூரை ஒழுகும் பழைய குடியிருப்பு. அந்தப் பேய், பள்ளியில் யாரும் கூட்டிப்போக வராமல் தானாக வீட்டுக்கு நடந்து வந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்த ஒரு குழந்தை. அது யாரையும் பழிவாங்க வரவில்லை. அதற்கு ஒரு அம்மா வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் கதாநாயகி தன் மகளைக் காப்பாற்ற, லிஃப்டுக்குள் அந்தப் பேய்க்குழந்தையைக் கட்டிக்கொண்டு "நான்தான் உன் அம்மா" என்கிறாள். வெளியே சொந்த மகள் அழுதுகொண்டு நிற்கக் கதவு மூடுகிறது. விரட்டவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. யாரோ செய்யத் தவறியதை இவள் செய்கிறாள்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே வீட்டில் எக்ஸார்சிஸ்ட்டையும் மறுபடி பார்த்தேன். பிசாசை ஓட்ட வரும் பாதிரியார்களில் ஒருவரான ஃபாதர் காரஸின் அம்மா தனியாக இருந்து இறந்துபோகிறார், ஓரிரு நாள் கழித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள் என்று இன்னொரு பாதிரியார் போகிற போக்கில் சொல்வார். முதல் தடவை பார்த்தபோது அந்த வரி என் காதில்கூட விழவில்லை. பிசாசு காரஸை உடைக்க எடுக்கும் ஆயுதமே அந்த அம்மாதான். அந்தப் படத்தில் தலை திரும்புவதோ பச்சை வாந்தியோ என்னை ஒன்றும் செய்யவில்லை, அந்த அம்மாதான் செய்தார். ஆகவே கிழக்கு உசத்தி, மேற்கு மட்டம் என்று நான் எழுதியதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் இனிப் பார்ப்பதாக இருந்தால் டார்க் வாட்டரின் ஜப்பானிய மூலத்தையே பாருங்கள், 2005 அமெரிக்க மறுஆக்கம் வேண்டாம். பார்த்த மறுநாள், பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறவர் யாராவது இருந்தால் ஒரு தடவை கதவைத் தட்டிவிட்டு வாருங்கள். நான் வீட்டைக் காலி செய்தபோது அந்த டேப்பை எடுக்கவில்லை. அடுத்து வருபவருக்கும் குப்பைக் கிழமை தெரிய வேண்டுமே.