வாழ்க்கையில ஒரே ஒரு உலகப் பாரம்பரியச் சின்னம்தான் பாக்க முடியும்னா எங்க போகலாம்?

இந்தக் கேள்விக்கு ஏற்கனவே வந்திருக்குற பதில் எல்லாத்தையும் படிச்சேன், பாதி பேர் ஏழு அதிசயம் லிஸ்ட்டை அப்படியே இறக்கி வெச்சிருக்காங்க. அது 2007-ல ஒரு தனியார் அமைப்பு இன்டர்நெட்லயும் போன்லயும் ஓட்டு வாங்கி எடுத்த லிஸ்ட்டுங்க, எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு யுனெஸ்கோவே அப்ப சொல்லிடுச்சு. யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்குறது 1,200-க்கும் மேல. அதுல நான் நேர்ல பாத்ததை விரல் விட்டு எண்ணிடலாம், அதனால "நீ என்ன பெரிய உலகம் சுத்தினவளா"ன்னு கேக்கப் போறவங்க இங்கயே அடுத்த பதிலுக்குப் போயிடலாம், எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல.

கேட்டவர் "ஒரு தடவைதான் செலவு பண்ண முடியும்"னு போட்டிருக்கார். அப்ப நம்மள மாதிரி ஆள்தான், இஎம்ஐ ஓடிட்டு இருக்கும், ஒரு வாரம் லீவு கிடைச்சாலே பெருசு, அம்மாவையோ அப்பாவையோ கூட்டிட்டுப் போகணும்னு ஆசை இருக்கும்னு நானே முடிவு பண்ணிக்கிறேன். பெரு நாட்டுல இருக்குற மச்சு பிச்சு எனக்கும் ஆசைதான், ஆனா பிளைட் டிக்கெட்டுக்கே சொத்தை எழுதி வைக்கணும், போற வழியில குஸ்கோ ஊரே 3,400 மீட்டர் உயரத்துல இருக்கு, முட்டிவலி பிரஷர் எல்லாம் இருக்குற அம்மாவை வெச்சுக்கிட்டு அங்க என்ன பண்றது? என் பதில் கம்போடியா. அங்க இருக்குற பழைய கோயில் நகரம் அங்கோர். அதுலயும் எல்லாரும் போட்டோ போடுற அங்கோர் வாட்ங்குற அந்தப் பெரிய கோயிலைச் சொல்லல, அங்க இருந்து ஒரு இருவத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருக்குற பந்தேய் ஸ்ரெய்னு ஒரு குட்டிக் கோயிலைச் சொல்றேன்.

காரணம் இருக்கு. நான் காரைக்கால்காரி. அம்மா பொறந்ததும் அங்கதான். ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவுல பிச்சாண்டவர் வீதி வரும்போது மாடில நின்னு மாம்பழம் வீசி வளந்த குடும்பம். இந்த பந்தேய் ஸ்ரெய்ல சிவன் ஆடுற சிற்பத்துல காலடியில, அந்தத் திருவிழாவுக்கே காரணமான, சிவன்கிட்ட பேய் உருவம் கேட்டு வாங்கின காரைக்கால் அம்மையார் இருக்காங்கன்னு எப்பவோ படிச்சு வெச்சிருந்தேன், அம்மாகிட்ட சொல்லவே இல்ல, நேர்ல கொண்டு போய் நிறுத்தணும்னு திட்டம்.

அம்மா கூட வர்றாங்களேன்னு ஒரு டிராவல்ஸ்ல பேக்கேஜ் போட்டோம், பேர் வேணாம். பேக்கேஜ் தாள்ல இந்தக் கோயில் பேர் தெளிவாவே இருந்துச்சு. முதல் நாள் விடியக்காலை நாலு மணிக்கு எழுப்பி அங்கோர் வாட் குளத்தாண்ட நிக்க வெச்சாங்க. அந்தக் கோயில் மேற்கு பாத்து இருக்குறதால சூரியன் கோபுரத்துக்குப் பின்னாடி ஏறும், பாக்க அருமையா இருக்கும்தான், ஆனா எனக்குத் தெரிஞ்சது முன்னாடி நின்னவங்க கையில இருந்த போன் ஸ்கிரீன்தான். உச்சிக்குப் போற படி ரொம்பச் செங்குத்து, அம்மா ஏற மாட்டேன்னுட்டாங்க. அதுவும் நல்லதுக்குத்தான். கீழ கிழக்குப் பக்கம் பாற்கடல் கடையுற சிற்பம் ஒரே சுவர்ல அம்பது மீட்டருக்குக் கிட்ட ஓடுது, அசுரர் ஒரு பக்கம் தேவர் ஒரு பக்கம், நடுவுல பெருமாள், அடியில ஆமை. கைடு இங்கிலீஷ்ல ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டு நகர்ந்துட்டார், எங்கம்மா எங்க குரூப்ல இருந்த மதுரை மாமிக்கு வாசுகி விஷம் கக்குனதுல ஆரம்பிச்சு முழுக்கதையும் சொல்லிட்டுதான் கிளம்பினாங்க.

அதுக்கப்புறம்தான் வயித்தெரிச்சல். ரெண்டாவது நாள் பந்தேய் ஸ்ரெய் போக வேண்டிய நேரத்துல எங்களை ஒரு பட்டுக்கடையில இறக்கி விட்டுட்டாங்க, அங்க இருந்து கல்லு நகை விக்குற கடை. கேட்டா "டைம் இல்ல மேடம், அது சின்னக் கோயில், பெருசா ஒண்ணும் இருக்காது"ங்குறார் கூட வந்த மேனேஜர். வாங்குனா அவருக்கு என்ன வருமோ தெரியாது, ஆனா யாரும் ஒண்ணும் வாங்காம வண்டி கிளம்பல. மறுநாள் குரூப் போட்டிங் போச்சு, நானும் அம்மாவும் ஒரு டுக்டுக் (நம்ம ஆட்டோ மாதிரி) பேசிட்டு நாங்களே கிளம்பிட்டோம். (குரூப்பை விட்டுப் போனது தப்புன்னு சொல்றவங்களுக்கு: முன்னாடி நாள் ராத்திரியே சொல்லிட்டுதான் போனோம்.)

அந்த ரோட்டுல போறதே தனி சுகம். வழி நெடுக வயலும் பனமரமும். ப்ரே தாக்னு ஒரு கிராமத்துல ரோட்டோரமா அடுப்பு போட்டு பெரிய சட்டியில பதநீர் காய்ச்சிட்டு இருந்தாங்க. அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பாஷை தெரியாமலே அந்தப் பொண்ணுகிட்ட கரண்டியை வாங்கித் தூக்கிப் பாகு பதம் பாத்துட்டு, இன்னும் கொஞ்சம் போகணும்னு கையால காட்டுனாங்க, அந்தப் பொண்ணும் சிரிச்சுக்கிட்டே ஆமான்னு தலையாட்டிச்சு. சின்னச் சின்ன வில்லையா ஊத்தி ஆற வெச்சு ஓலையில சுத்திக் குடுத்தாங்க, ஊர் வந்து காபிக்குப் போட்டோம், நல்லா இருந்துச்சு.

கோயில் நிஜமாவே சின்னதுதான், மேனேஜர் அதுல பொய் சொல்லல. வாசல்ல குனிஞ்சுதான் போகணும். 967-ல கட்டி முடிச்சது, அங்கோர் வாட்டை விட நூத்தம்பது வருஷத்துக்கு மேல மூத்தது. ராஜா கட்டினது இல்ல, யக்ஞவராகன்னு அரசவையில இருந்த ஒரு பெரியவர் கட்டினது. கல்லு இளஞ்சிவப்பு, அதுல உளி விளையாடியிருக்கு பாருங்க, கொடியும் பூவும் விரல் நுழையுற ஆழத்துக்கு செதுக்கியிருக்கான், இவ்ளோ வருஷம் கழிச்சும் ஓரம் மழுங்கல. ராவணன் கைலாசத்தை அசைக்கிறது இருக்கு, மன்மதனை எரிக்கிறது இருக்கு. 1923-ல ஆந்த்ரே மால்ரோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இங்க இருந்து சிலைகளைப் பேத்து எடுத்துட்டுப் போய் மாட்டிக்கிட்டார், பிற்பாடு அவரே பிரான்ஸ்ல கலாச்சார அமைச்சரும் ஆனார், கேட்டா சிரிப்புதான் வருது.

கிழக்கு வாசல் பக்கம் தலைக்கு மேல அந்த சிற்பம். பத்துக் கையோட சிவன் ஆடுறார், காலடியில ஓரமா எலும்பும் தோலுமா, மார்பு வத்தித் தொங்கிப்போய் ஒரு பொம்பளை உக்காந்திருக்கு. இது காரைக்கால் அம்மையார்தான்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. நான் வாயே தொறக்கல. அம்மாவுக்குக் கண்ணு சரியா தெரியலைன்னு போன்ல ஜூம் பண்ணிக் குடுத்தேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, கன்னத்துல போட்டுக்கிட்டு, "கைலாசத்துக்குத் தலையாலயே நடந்தவ, அப்படியே இங்க வரைக்கும் வந்துட்டா பாரு"ன்னாங்க. எனக்கு அந்த பேக்கேஜ் காசு முழுக்க அந்த ஒரு வார்த்தையில வசூல் ஆயிடுச்சு.

சரி, இதை பேமிலி குரூப்ல போட்டேன். பத்து நிமிஷத்துல ஒரு மாமா "அங்கோர் வாட் சோழன் கட்டியது, மறைக்கப்பட்ட வரலாறு, பத்துப் பேருக்குப் பகிரவும்"னு ஒரு பார்வர்டு. இங்கயும் கீழ அதே கமெண்ட் வரும்னு தெரியும், அதனால முன்கூட்டியே சொல்லிடுறேன். அங்கோர் வாட்டைக் கட்டினது இரண்டாம் சூரியவர்மன், கம்போடியாவை ஆண்ட கெமர் ராஜா, 12-ஆம் நூற்றாண்டு. அங்க இருக்குற கல்வெட்டு சமஸ்கிருதத்துலயும் பழைய கெமர்லயும் இருக்கு. கல்லு சுமந்தவன் செதுக்குனவன் எல்லாம் அந்த ஊர்க்காரன், அவன் பேரன் பேத்திதான் இன்னைக்கு டுக்டுக் ஓட்டுறான், பாகு காய்ச்சுறான். நம்ம அம்மையார் அங்க இருக்காங்கங்குறதே எவ்ளோ பெரிய விஷயம், அதுக்கு எதுக்கு அடுத்தவன் கோயிலுக்குப் பட்டா கேக்கணும்? அப்புறம் இதே மாமாதான், நாங்க மாம்பழம் வீசின அந்த மாடி வீட்டைப் பங்கு பிரிச்சே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னு விக்க வெச்சவர். இப்ப அங்க மூணு மாடி லாட்ஜ். அவர் எனக்குப் பாரம்பரியம் பத்தி பாடம் எடுக்குறார், இதை எங்க போய்ச் சொல்றது.

விஷயத்துக்கு வர்றேன். அங்கோர் கோயில்களைப் பாக்குற நுழைவு பாஸ் 2017-ல இருந்து ஒரு நாளைக்கு 37 டாலர், மூணு நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூணு நாள் பாஸை பத்து நாளுக்குள்ள விட்டு விட்டுப் பயன்படுத்தலாம், வயசானவங்களுக்கு அதுதான் சரி. தோளும் முட்டியும் மூடுற டிரஸ் போடுங்க, இல்லாட்டி மேல விட மாட்டாங்க. ஓரம் கிழிஞ்ச டாலர் நோட்டை அங்க ஒருத்தரும் தொட மாட்டாங்க, நல்ல நோட்டா மாத்திட்டுப் போங்க. 2023-ல புது ஏர்போர்ட் வந்துடுச்சு, அங்கோருக்குப் பக்கத்துல நாம தங்குற சியம் ரீப் ஊர்ல இருந்து ரொம்ப தூரம், வண்டிச் செலவைக் கணக்குல சேருங்க. தாய்லாந்துல இருந்து பஸ்ல போயிடலாம்னு பழைய பதில்கள்ல இருக்கும், 2025-ல ரெண்டு நாட்டுக்கும் தகராறாகி பார்டரை மூடினாங்க, அதனால செய்தி பாக்காம டிக்கெட் போடாதீங்க. நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போங்க, ஏப்ரல்ல போனா வெயில் கொன்னுடும். பந்தேய் ஸ்ரெய்க்கு காலைல சீக்கிரம் போயிடுங்க, பஸ் கூட்டம் வந்துட்டா அந்தச் சின்ன இடத்துல நிக்க முடியாது.

அந்த டிராவல்ஸ் பேரை இன்பாக்ஸ்ல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். "நாங்க கம்மி ரேட்ல பேக்கேஜ் பண்றோம் மேடம்"னு கமெண்ட் போடுறவங்களை பிளாக் பண்ணிடுவேன்.