தாய் ஒதுக்கிய ஆட்டுக்குட்டி: பாலுக்கு முன் சூட்டைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வெள்ளாடு நேற்று இரவு மூன்று குட்டி போட்டது. இரண்டு நன்றாகக் குடிக்கின்றன. மூன்றாவது சுருண்டு படுத்தே கிடக்கிறது. தூக்கி மடியில் விட்டால் தாய் முட்டித் தள்ளுகிறது. பசும்பாலைக் காய்ச்சி ஊற்றலாமா?

பதில்: இப்போதே ஊற்றாதீர்கள். முதலில் கையைக் கழுவிவிட்டு, சுண்டுவிரலைக் குட்டியின் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்து விரலைச் சப்பினால் உடனே சீம்பால் கொடுக்கலாம். வாய் ஜில்லென்று இருந்தால் குட்டி குளிரில் விறைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தெர்மாமீட்டர் இருந்தால் ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். நல்ல குட்டிக்கு 39 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். 37க்குக் கீழே போனால் ஆபத்து.

அந்த நிலையில் குட்டியால் சரியாக விழுங்க முடியாது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். வயிற்றுக்குப் போனாலும் செரிக்காமல் அங்கேயே தேங்கும். பசியால் சாகிறதே என்று பதறி ஊற்றும் பாலே பல குட்டிகளின் உயிரை வாங்கியிருக்கிறது.

உங்கள் குட்டி விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பிறக்கும்போது உடலில் இருக்கும் கொழுப்பு சுமார் ஐந்து மணி நேரத்துக்குத்தான் சூடு கொடுக்கும். இரவிலிருந்து ஒன்றும் குடிக்காத குட்டிக்கு ரத்தத்தில் சர்க்கரையும் தீர்ந்திருக்கும். அதை அப்படியே சூடேற்றினால் வலிப்பு வரலாம். அதனால் தலையைத் தூக்கக்கூட முடியாமல் கிடந்தால், துடைத்துச் சாக்கில் சுற்றிக் காற்று படாமல் வைத்துவிட்டு, உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் குளுக்கோஸ் ஊசி போட்ட பிறகு சூடேற்றலாம். பிறந்து ஐந்து மணி நேரம் ஆகாத குட்டி என்றால் சூடேற்றிவிட்டுப் பால் கொடுத்தால் போதும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். தோலில் நேரடியாகப் படக்கூடாது.

அப்புறம் பால். பசும்பால் சீம்பாலுக்கு ஈடாகாது. ஆட்டின் கருப்பையில் தாயின் நோய் எதிர்ப்பு குட்டிக்கு வந்து சேர்வதில்லை. அது முழுக்கச் சீம்பாலில்தான் இருக்கிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் குடலின் திறன் முதல் ஆறு மணி நேரத்தில் நன்றாக இருக்கும், 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். எனவே தாயைப் பிடித்துக்கொண்டு இப்போதே கறந்துவிடுங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 50 மில்லி கணக்கு. இரண்டு கிலோ குட்டிக்கு 100 மில்லி. துவண்ட குட்டிக்கு அதையே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். காய்ச்ச வேண்டாம். சீம்பாலைக் காய்ச்சினால் கட்டியாகிவிடும், எதிர்ப்புச் சக்தியும் போய்விடும். பாட்டிலில் கொடுக்கும்போது குட்டி நின்றபடியோ, நெஞ்சு தரையில் படப் படுத்தபடியோ இருக்கட்டும். மல்லாத்திப் பிடித்து ஊற்றவே கூடாது.

தாயிடம் கறக்க முடியாவிட்டால் புதிதாகக் குட்டி போட்ட வேறு ஆட்டின் சீம்பால் நல்லது. அதுவும் இல்லையென்றால் அன்று கன்று போட்ட பசுவின் சீம்பால்.

தாய் ஏன் முட்டுகிறது? மடியைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சூடாக, கல் மாதிரி இருந்தால் மடிநோய். வலியில்தான் முட்டுகிறது, அதற்கும் மருத்துவர் வேண்டும். மடி நன்றாக இருந்தால் பெரும்பாலும் வாசனைதான் காரணம். ஆடு தன் குட்டியை முதல் சில மணி நேரத்திலேயே மோந்து அடையாளம் வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நக்க விட்டுப்போன குட்டி அதற்கு அந்நியம். அதன் மேல் கோபப்பட்டு அடிக்காதீர்கள், ஆடு இன்னும் மிரளும். குட்டியைக் குளிப்பாட்டாமல், தாயின் பாலையே அதன் முதுகிலும் வாலடியிலும் தடவி, தாயைக் கட்டிப் பிடித்து ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை ஊட்ட விடுங்கள். தாயின் பால் குட்டி வயிற்றில் போய் வெளியே வரும்போது அந்த வாசனையே சேர்த்துவைக்கும் என்பது என் அனுபவம். சில நாளாகியும் சேர்க்காவிட்டால் பாட்டிலிலேயே வளர்க்கலாம். ஆனால் தனியாகப் பிரித்து வைக்காமல் மற்ற இரண்டு குட்டிகளோடு படுக்க விடுங்கள். ஒண்டிக்கொள்ளச் சூடு கிடைக்கும், பின்னால் அவற்றைப் பார்த்தே தழை கடிக்கவும் பழகும்.