செங்கோட்டையில் ஹப்பிள் பாதி வானில் அணைந்தது ஏன்?

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிக்குப் பழுது ஒன்றும் இல்லை. செங்கோட்டையில் நின்று பார்த்தபோது அது மேற்கே எழுவது தெரியவில்லை, உச்சியைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது மங்கி மறைந்தது என்கிறீர்கள். அது பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. நாம் பார்ப்பது அதன் மேல் படும் வெயிலைத்தான். சுமார் 95 நிமிடத்துக்கு ஒரு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இந்த இருட்டு உண்டு. அப்போதும் பேட்டரியில் வேலை நடக்கும்.

மேற்கே எழுவது தெரியாததற்கு மலைதான் காரணமாக இருக்கும். புளியரைப் பக்கம் நிற்காமல் கிழக்கே தள்ளி ஒரு குளக்கரையில் நின்று பாருங்கள்.

ஹப்பிள் வரும் நேரத்தைக் காட்டும் ஆப்பில் உங்கள் ஊர்தான் இருக்கிறதா, கேரளா டவரைப் பிடித்து வேறு ஊரைக் காட்டுகிறதா? சரி என்றால், அப்புறம் ஆப் காட்டும் நிழலில் நுழையும் நேரத்தை அணைந்த நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

சாரல் மாதங்களில் மட்டும் கவனம். பக்கத்து நட்சத்திரமும் சேர்ந்து மறைந்தால் அது மேகம்.