நாஸ்காம்னா கவர்மென்ட் ஆபீஸா?

கேள்வி: ஐ.டி. நியூஸ்னாலே நாஸ்காம் நாஸ்காம்னு சொல்றாங்களே, அது அரசு அமைப்பா? திடீர்னு வேலையை விட்டு தூக்கினா அங்க புகார் கொடுக்கலாமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: இல்லைங்க, அது கவர்மென்ட் கிடையாது. 1988-ல 38 கம்பெனிங்க சேர்ந்து ஆரம்பிச்ச முதலாளிங்க சங்கம். அப்போல்லாம் நம்ம நாட்டுல சாஃப்ட்வேர் எழுதறாங்கன்னு சொன்னா வெளிநாட்டுல நம்பவே மாட்டாங்க, அந்த நிலைமையை மாத்தினதுல நாஸ்காம் தலைவரா இருந்த தேவாங் மேத்தாவுக்குப் பெரிய பங்கு, டெல்லியில மந்திரிங்க கிட்ட வரிச்சலுகை கேட்கிறது, வெளிநாட்டுல போய் பேசறதுன்னு ஓயாம ஓடிக்கிட்டே இருந்த மனுஷன், 2001-ல சிட்னியில ஹோட்டல் ரூம்லயே இறந்துட்டார், வயசு 40 கூட ஆகலை.

இப்பவும் எச்-1பி விசா, வரி, டேட்டா சட்டம்னு கம்பெனிங்க சார்பா பேசறது அவங்கதான். 2006-ல நேஷனல் ஸ்கில்ஸ் ரெஜிஸ்ட்ரின்னு ஐ.டி. ஊழியர்களோட விவரத்தைச் சேர்த்து வைக்கற பதிவேடு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க, சில கம்பெனியில சேரும்போது கைரேகை எடுத்து ஒரு நம்பர் கொடுப்பாங்களே, அதான்.

ஆனா வேலை போனா அங்க போய் பிரயோஜனம் இல்லை. தொழிலாளர் துறைக்குத்தான் எழுதணும். ஐ.டி. ஊழியர்களும் யூனியன் வைக்கலாம்னு தமிழ்நாடு அரசு 2016-லயே தெளிவா சொல்லிடுச்சு, இது இன்னும் நிறைய பேருக்குத் தெரியலங்கறதுதான் எனக்கு வருத்தம். ஆஃபர் லெட்டர், சம்பள ஸ்லிப், அவங்க அனுப்பின மெயில் எல்லாத்தையும் பிரின்ட் எடுத்து வச்சுக்கோங்க, ராஜினாமா கடிதத்துல மட்டும் அவசரப்பட்டு கையெழுத்து போட்டுடாதீங்க.