17 வயது விதியும் ராத்திரிச் சோறும்

கேள்வி: என் மகள் 2012 ஆகஸ்டில் பிறந்தவள். ஆறு வருசமாக ரோலர் ஸ்கேட்டிங் பழகுகிறாள், ஆர்டிஸ்டிக் பிரிவு. காற்றில் ஒன்றரைச் சுற்று சுற்றும் சிங்கிள் ஆக்செல் சுத்தமாக வருகிறது. இரண்டு சுற்று டபுள் தாவல்கள் ஆரம்பித்திருக்கிறாள். பனியில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, லீவுக்குப் பனித்தளம் இருக்கிற டேராடூன் கூட்டிப் போகச் சொல்லி ஒரே அடம். "ஒலிம்பிக்குக்கு 17 வயசு ஆகணும்னு விதி போட்டுட்டாங்க. ஆனா பெரிய மனுஷி ஆயிட்டா உடம்பு சுத்தாது. அதுக்குள்ள எல்லாத் தாவலையும் ஏத்திடணும், ராத்திரிச் சோறை நிப்பாட்டுங்க" என்கிறார் கோச். பிறந்த தேதியை இரண்டு மாசம் முன்னால் தள்ளினால் 2030க்குத் தகுதி வந்துவிடும் என்று என் கொழுந்தனார் கணக்குப் போடுகிறார். "வளருத பிள்ளைய வயித்தக் கட்டி வளக்காதீய" என்று அத்தை சண்டை பிடிக்கிறாக. அந்த விதி நியாயம்தானா? நான் யார் பேச்சைக் கேட்க?
- ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: அத்தை பேச்சைக் கேளுங்கள் அம்மா. இன்றைக்கு ராத்திரியே பிள்ளைக்குச் சோறு போடுங்கள். விதியைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

கொழுந்தனாரின் கணக்கு சரி, யோசனைதான் தப்பு. போட்டிப் பருவம் தொடங்கும் ஜூலை 1க்கு முன்பே 17 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. 2030 பிப்ரவரி ஒலிம்பிக்குக்கு 2029 ஜூலை 1தான் கோடு. உங்கள் மகளுக்கு ஒரு மாதச் சொச்சம் குறைகிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் 'ஜூன் 1' என்று எழுதியதே பிறந்த நாளாகிப்போன பெரியவர்கள் நம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அந்தக் காலம் போய்விட்டது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் சீன ஜிம்னாஸ்டிக்ஸ் அணி வெண்கலம் வாங்கியது. அதில் ஆடிய டோங் ஃபாங்சியாவோவுக்கு அப்போது 14 வயதுதான் என்று தெரியவந்து, 2010இல் அணி முழுவதும் பதக்கத்தை இழந்தது. பத்து வருசம் கழித்துக்கூட ஒரு தேதி வந்து கதவைத் தட்டும். அதோடு, பனியில் இன்னும் கால் வைக்காத பிள்ளைக்கு 2030 பற்றி இப்போது பேச்சே தேவையில்லை.

இனி விதி. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் சிறு வயது புதிதல்ல. 1924இல் ஷாமனி ஒலிம்பிக்கில் ஆடியபோது சோன்யா ஹெனிக்கு 11 வயது. டாரா லிப்பின்ஸ்கி 1998இல் 15 வயதில் தங்கம் வாங்கினார், அலினா ஜாகிடோவா 2018இல் அதே 15 வயதில் வாங்கினார். 1990களிலிருந்தே 15 என்ற கோடு இருந்தது. அதை 17 ஆக உயர்த்த வைத்தது 2022 பெய்ஜிங். 15 வயது கமிலா வலியேவாவின் மாதிரியில் ட்ரைமெட்டாசிடின் என்ற, ஆட்டக்காரர்களுக்குத் தடைசெய்யப்பட்ட இதய மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. 16 வயதுக்குக் கீழே இருந்ததால் ஊக்கமருந்து விதிப்படி அவள் 'பாதுகாக்கப்பட்ட நபர்'. அதனால் வழக்கு முடியுமுன்பே ஆட அனுமதி கிடைத்தது. உலகமே பார்த்திருக்க, விழுந்து விழுந்து நான்காம் இடத்துக்கு வந்தாள். பிறகு 2024 ஜனவரியில் நான்கு ஆண்டுத் தடை வந்தது. அந்தத் தீர்ப்பில் இருந்தது அவள் பெயர் மட்டும்தான். 15 வயதுப் பிள்ளை தானாகக் கடைக்குப் போய் அந்த மாத்திரையை வாங்கியிருக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. பெய்ஜிங் முடிந்து நான்கு மாதத்தில், 2022 ஜூனில், தாய்லாந்தின் புக்கெட் நகரில் கூடிய சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 100க்கு 16 என்ற வாக்கில் வயதை ஏற்றியது. 2023-24இல் 16, 2024-25 முதல் 17.

கோச் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்தானது. 40 சென்டிமீட்டர் உயரம் எழும்பினால் காற்றில் இருக்கும் நேரம் 0.57 விநாடி. குவாட் என்கிற நான்கு சுற்றில் ஒரு பகுதி எழும்பும்போதும் இறங்கும்போதும் பனியிலேயே கழிந்துவிடும். மீதியை முடிக்கவே விநாடிக்கு ஏறக்குறைய 6 சுற்று வேண்டும். சுழல்வதற்கு உடம்பு காட்டும் தடை, எடையையும் அந்த எடை நடு அச்சிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் வெறும் 5 சதவீதம் வளர்ந்தாலே அந்தத் தடை கால் பங்குக்கு மேல் கூடிவிடும். தசையின் பலம் அந்த வேகத்தில் கூடாது. தோளும் இடுப்பும் விரியாத 13, 14 வயதில் குவாட் எளிதாக வருவதன் ரகசியம் இதுதான். பயிற்சி முறையின் மகிமை என்று சொல்லிக்கொள்வதில் பாதி, பிள்ளையின் வயது.

இதற்கு மதிப்பெண் முறையும் துணைபோகிறது. லட்ஸ் என்று ஒரு வகைத் தாவல். மூன்று சுற்று டிரிபிள் லட்ஸுக்கு அடிப்படை மதிப்பு 5.9, குவாட் லட்ஸுக்கு 11.5. குவாட்டை முழுதாகச் சுற்றிவிட்டு விழுந்தால் பாதி மதிப்பும், விழுந்ததற்கு 1 புள்ளியும் போகும். மிச்சம் 4.75. சுத்தமாக இறங்கிய டிரிபிளுக்கும் விழுந்த குவாட்டுக்கும் ஒரு புள்ளி சொச்சம்தான் வித்தியாசம் என்றால், எந்தப் பயிற்சியாளரும் குவாட்டையே போடச் சொல்வார். வயது விதி இந்தக் கணக்கில் கை வைக்கவே இல்லை.

விதியை எதிர்ப்பவர்களின் வாதமும் லேசானதல்ல. ஜப்பானின் மாவோ அசாடா பழைய கோட்டிலேயே மூன்று மாதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் 2006 ஒலிம்பிக்கை இழந்தார். அந்தப் பருவத்தில் கிராண்ட் பிரீ என்ற சர்வதேசத் தொடரின் இறுதியை வென்றிருந்தவர் அவர்! அவர் பெயரையே வைத்துக்கொண்ட மாவோ ஷிமாடா, 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் உலக ஜூனியர் பட்டம் வென்றும், 2008 அக்டோபரில் பிறந்ததால் 2026க்கு வெளியே நின்றார். சீனியரில் பலர் முயலாத தாவல்களை ஜூனியர்கள் செய்கிறார்கள். ஆகச் சிறந்தவர்கள் இல்லாத போட்டியை ஒலிம்பிக் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள்.

நாம் விதியின் பக்கம்தான். பருவம் வந்தால் எல்லாம் முடிந்தது என்பதை ஆடுகளமே பொய்யாக்கியிருக்கிறது. 2000இல் பிறந்த கவோரி சகமோட்டோ 2022 முதல் 2024 வரை மூன்று உலகப் பட்டங்களை வென்றார். அவரிடம் குவாட்டும் இல்லை, டிரிபிள் ஆக்செலும் இல்லை. வேகமும், இறங்கியபின் பிளேடின் விளிம்பில் நீளமாக வழுக்கி ஓடுவதும்தான் அவர் சொத்து. எலிசவேட்டா துக்தமிஷேவா 24 வயதில், 2021 உலகப் போட்டியில், டிரிபிள் ஆக்செலோடு வெள்ளி வாங்கினார். அலிசா லியு 13 வயதில் அமெரிக்க சாம்பியன். 16இல் போதும் என்று விலகினார். இரண்டு வருசம் ஓய்ந்திருந்து திரும்பி வந்து 2025இல் 19 வயதில் உலக சாம்பியன் ஆனார். எதிர்ப்பக்கத்தில் 2014 சோச்சியில் 15 வயதில் அணித் தங்கம் வாங்கிய யூலியா லிப்னிட்ஸ்காயா இருக்கிறார். சாப்பாட்டை வெறுக்கும் நோயோடு போராடி 19 வயதில் ஆட்டத்தையே விட்டார். உங்கள் கோச் ராத்திரிச் சோறு பற்றிப் பேசும்போது அவருக்கு இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

ஆனால் இந்த விதி உங்கள் வீட்டுக்கு உதவாது. ஜூனியருக்கு 13 வயது போதும். 17 வரை ஒலிம்பிக் வாசல்தான் மூடியிருக்கும், பயிற்சித் தளம் திறந்தே கிடக்கும். எலும்பு வளர்கிற 11 முதல் 14 வயதில் என்ன நடக்கிறது என்பதை புக்கெட்டில் ஓட்டுப் போட்டவர்கள் வந்து பார்க்க மாட்டார்கள். நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நோட்டு போதும்.

அதில் தினமும் மூன்று விஷயம்: எத்தனை மணி நேரம், எத்தனை முறை தாவி இறங்கினாள், எங்கே வலி. விழுந்ததையும் சேர்த்து எண்ணுங்கள். "பத்து தடவைதான்" என்று சொல்லப்படும் பயிற்சியில் நாற்பது இருக்கும். தாவி இறங்கும்போது காலில் விழும் விசை உடல் எடையைப் போல் 5 மடங்கைத் தாண்டும். 35 கிலோ பிள்ளைக்கு 175 கிலோ, அதாவது மூன்று சிமென்ட் மூட்டைக்கு மேல், ஒற்றைக் காலில். பனியிலாவது இறங்கிய வேகம் வழுக்கிக்கொண்டு போகும். சக்கரக் காலணியின் எடையோடு சிமென்ட் தளத்தில் இறங்குவது இன்னும் மோசம். அதனால் தாவல் உள்ள நாள் வாரத்துக்கு மூன்று, அடுத்தடுத்த நாள் கூடாது. மற்ற நாள்களில் சுழற்சி, விளிம்பு, அடவு என்று வேலை நிறைய இருக்கிறது. தரைப் பயிற்சியும் சேர்த்து வாரத்தின் மொத்த மணி நேரம் வயதைத் தாண்டக் கூடாது. 13 வயதுக்கு 13 மணி. ஒரு நாள் முழு ஓய்வு. புதுச் சுற்றை முதலில் வெறுங்காலோடு மெத்தையில் பழகட்டும்.

மாதம் முதல் தேதி கதவு நிலையில் உயரத்தைக் கோடு போடுங்கள். மூன்று மாதத்தில் 2 சென்டிமீட்டர் ஏறினால் வேகமாக வளரும் காலம் வந்துவிட்டது என்று பொருள். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முதல் மாதவிலக்குக்கு ஆறு மாதம், ஒரு வருசம் முன்னால் இது வரும். எலும்பு முதலில் நீளும், தசை பின்னால்தான் வரும். நேற்று வந்த ஆக்செல் இன்று வராது. சோம்பல் என்று நினைத்துக் கூடுதலாகத் தாவ விடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. அந்த மாதங்களில் தாவலைப் பாதியாக்குங்கள். முழங்காலுக்குக் கீழே புடைப்பாக வீங்கி வலித்தால், குதிகால் வலித்தால், வளரும் குருத்தெலும்பு இழுபடுகிறது, ஓய்வில் சரியாகும். முன்னங்கால் எலும்பில் ஒரு விரல் வைத்து "இந்த இடம்" என்று காட்ட முடிகிற வலியும், பின்னால் வளையும்போது வந்து இரண்டு வாரமாகியும் போகாத இடுப்பு வலியும் வேறு ரகம். தாவலை அன்றே நிறுத்திவிட்டு ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலோ வேறு எங்கோ எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். இந்த வகை மயிரிழை முறிவு முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். படம் சுத்தமாக இருந்தும் வலி நிற்கவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று நீங்களாகக் கேளுங்கள்.

பருவம் வந்த பிள்ளைக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கிற ஊர் இது. கோச் எதிரி என்று நினைக்கிற அந்தப் பருவத்தைத்தான் நம் ஆச்சிமார் எலும்புக்கு உரம் போடும் காலமாகப் பார்த்தார்கள். பெரியவர் உடம்பில் இருக்கும் எலும்புச் சத்தில் ஏறக்குறைய கால் பங்கு, அந்த வேக வளர்ச்சியைச் சுற்றிய இரண்டே வருசத்தில் சேர்வது. அப்போது பட்டினி போட்டால் மாதவிலக்கு தள்ளிப்போகும், எலும்பு மெலியும், மெலிந்த எலும்பு இறங்கும்போது முறியும். பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன் இரண்டு வாழைப்பழம். முடிந்ததும் சுண்டலோ முட்டையோ, ஒரு டம்ளர் பால். ராத்திரி சோறு, பருப்பு, மீன். கேப்பையில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. வாரம் மூன்று நாள் கூழோ களியோ ஆகட்டும். நெத்திலியை முள்ளோடு சாப்பிடப் பழக்குங்கள். 15 வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்றாலும், வந்தபின் மூன்று மாதம் நின்றாலும், 'ஆட்டக்காரப் பிள்ளைக்கு அப்படித்தான்' என்று யார் சொன்னாலும் கேட்காமல் டாக்டரிடம் போங்கள்.

டேராடூனுக்குத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். ரோலர் பழகிய பிள்ளைக்குச் சமநிலை இருக்கும், நிறுத்தத்தான் தெரியாது. முதல் இரண்டு நாள் நிறுத்தவும் விழவும் மட்டும் பழகட்டும், தாவல் வேண்டாம். பூட்ஸை வாடகைக்கு எடுங்கள். வாங்குவதாக இருந்தால், வளருகிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். உள்ளே கால் நகர்ந்தால் கணுக்கால் மடங்கும். விரல் நுனிக்கு முன் அரை சென்டிமீட்டர் இடம் போதும், குதிகால் தூக்கவே கூடாது. டிரிபிள் ஆடுபவர்களுக்கான விறைப்பான பூட்ஸும் வேண்டாம். சிங்கிள் தாவும் பிள்ளைக்கு அது முழங்காலை மடக்க விடாது, மடங்காத முழங்கால்தான் அத்தனை சிமென்ட் மூட்டைக் கனத்தையும் முதுகுக்கு அனுப்பும்.

கோச்சிடம் சண்டை வேண்டாம். ஒரு மாதம் எழுதிய நோட்டை அவர் முன்னால் வையுங்கள். உட்கார்ந்து பார்த்து "இந்த வாரம் குறைச்சுக்கலாம்" என்று சொன்னால் அவரிடமே இருக்கட்டும். திறந்து பார்க்காமலே திருப்பிக் கொடுத்தால் வேறு கோச் தேடுங்கள்.